கோஸ் பாத்திக்கு வலை: எந்தக் கண்ணளவு வாங்குவது, எப்படிப் போடுவது, எப்போது திறப்பது

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், முள்ளங்கி, டர்னிப் எல்லாமே கடுகுக் குடும்பம். இவற்றைத் தேடி வரும் பூச்சிகளும் ஏறக்குறைய ஒரே கூட்டம்தான். கேரள மலை மேல் காந்தளூர், வட்டவடை, மறையூர் பக்கம் வீட்டோரம் நாலு பாத்தி வைத்திருப்பவர்களுக்கும் சரி, கீழே சமவெளியில் உடுமலை, போடி, கம்பம் பக்கம் கார்த்திகையில் நட்டு மாசிக்குள் எடுத்துவிடுகிறவர்களுக்கும் சரி, மருந்து அடிக்காமல் ஒரு கோஸைத் தேற்ற வலையைவிட உருப்படியான வழி இல்லை என்பது என் கருத்து. வலை போட்டும் புழு வந்துவிட்டதே என்று புலம்புகிறவர்களும் உண்டு. அவர்கள் பாத்தியைப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வலையில் ஒரு கோளாறும் இருக்காது. ஓரம் ஒரு சாண் தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் நட்டு இரண்டு வாரம் கழித்து, முட்டையெல்லாம் வைத்து முடிந்த பிறகு, புழுவையும் சேர்த்து உள்ளே வைத்து மூடியிருப்பார்கள். அதனால் கீழே ஓரத்தைப் பற்றியும் நாளைப் பற்றியும் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

பெரிய எதிரி வைரமுதுகு அந்துப்பூச்சி. தாய்ப்பூச்சி ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, சாம்பல் பழுப்பு நிறம், இறக்கையை மடக்கி உட்கார்ந்தால் முதுகில் வைரக்கட்டம் வரிசையாகத் தெரியும். இலையின் அடிப்பக்கம் நரம்பை ஒட்டி ஒன்றிரண்டாக முட்டை வைக்கும். பொரிந்து வரும் பச்சைப் புழு இலையின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடித்தாள் மாதிரி விட்டுவிடும், அந்த இடம் பிறகு காய்ந்து ஓட்டையாகும். சந்தேகம் இருந்தால் புழுவை ஒரு குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், துடித்துப் பின்னால் நகர்ந்து, ஒரு நூலில் தொங்கி இறங்கும். அப்படிச் செய்தால் இவர்தான். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து மறுபடி பூச்சியாக இரண்டு மூன்று வாரம் போதும் என்பதால் ஒரு கோஸ் விளைவதற்குள் பல தலைமுறை ஓடிவிடும்.

மருந்துக்கு இது சுலபத்தில் மசியாது. 1953-லேயே ஜாவாவில் டி.டி.டி.க்கு அடங்காமல் போனதாகப் பதிவு இருக்கிறது. பாக்டீரியா மருந்தான பி.டி.க்கும் திறந்த வயலில் எதிர்ப்புச் சக்தி காட்டிய முதல் பூச்சி இதுதான், ஹவாயில், அந்த ஆய்வு வெளியானது 1990-ல். பூச்சியைக் கொல்வதைவிட இலையில் உட்கார விடாமல் தடுப்பது மேல் என்று சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுத்து வெள்ளை வண்ணத்துப்பூச்சி, பகலில் பாத்தி மேல் சுற்றிக்கொண்டே இருக்கும். புரோடீனியா என்று நம் ஊரில் சொல்லும் புகையிலைப் புழு ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் முட்டை வைத்து மேலே பழுப்பு மயிரால் மூடிவிடும், அதனால் ஒரு தாய்ப்பூச்சி நுழைந்தாலே பாத்தி போச்சு. குருத்து துளைக்கும் புழு சின்ன நாற்றிலேயே நடுக்குருத்தைத் தின்றுவிடும், அந்தச் செடி பிறகு ஒரு தலைக்குப் பதில் எலுமிச்சை அளவில் மூன்று நாலு தலை வைக்கும், அல்லது ஒன்றுமே வைக்காது. அப்புறம் அசுவினி, தெள்ளு வண்டு. இவை இரண்டும் மிகப் பொடிசு, வலை வாங்கும்போது இடக்குப் பண்ணுவது இவைதான்.

கண்ணளவு

மெஷ் என்பது ஒரு அங்குலத்தில் எத்தனை கண் என்கிற கணக்கு. எண் கூடினால் கண் சிறுக்கும். 16 மெஷ் வலையில் ஒரு கண் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர், 40 மெஷ்ஷில் 0.4 பக்கம், 50 மெஷ்ஷில் 0.3 பக்கம். நூலின் தடிமனைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பள்ளிக்கூட ஸ்கேலை வலை மேல் வைத்து ஒரு அங்குலத்துக்குள் கண்களை எண்ணிப் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் சொல்லும் எண் அப்போதே தெரிந்துவிடும்.

வண்ணத்துப்பூச்சி, புரோடீனியா, வைரமுதுகு இந்த மூன்றையும் தடுக்க 16 மெஷ் போதும். தெள்ளு வண்டும் அசுவினியும் வராமல் இருக்க 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டும், அதாவது 25 மெஷ்ஷுக்கு மேல். கடைகளில் சுலபமாகக் கிடைப்பது 40 மெஷ், வெள்ளை நிறம், யு.வி. பூச்சு உள்ளது. மலை மேல் இருப்பவர்கள் யோசிக்காமல் 40 வாங்கலாம், ஏனென்றால் அங்கே குளிர்தான், உள்ளே சூடு கொஞ்சம் ஏறினாலும் கோஸுக்குக் கேடில்லை. சமவெளிக்காரர்களுக்கு இதே அறிவுரை பொருந்தாது. கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றோட்டம் குறையும், உள்ளே புழுக்கம் ஏறும். காலிஃபிளவருக்குப் புழுக்கம் ஆகவே ஆகாது, பூ இறுக்கமில்லாமல் உதிரியாகிவிடும். கீழே இருப்பவர்கள் 16 முதல் 25 மெஷ்ஷுக்குள் ஒன்றைத் தேடுங்கள், அசுவினியைக் கையால் பார்த்துக்கொள்ளலாம்.

50 மெஷ் எதற்கு? வெள்ளை ஈ மாதிரிப் பூச்சிக்கு. தக்காளி, மிளகாய்க்குத் தேவைப்படலாம், கோஸுக்கு வேண்டாத செலவு.

கடையில் கவனிக்க வேண்டிய ஒரு குழப்பம்: போய் நின்று "ஐம்பது வலை குடுங்கண்ணே" என்றால் பச்சை நிழல்வலையைச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். நிழல்வலையில் ஐம்பது என்பது வெளிச்சத்தில் பாதியை மறைக்கும் என்கிற கணக்கு, கண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாதி வெளிச்சத்தில் கோஸ் இலையாக நீண்டுகொண்டே போகும், தலை இறுகாது. பூச்சி வலை, இத்தனை மெஷ், வெள்ளை என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்ற முடியுமா என்று கேட்பார்கள். கொசுவலை முடியும். அதன் கண் 1.2 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும், வைரமுதுகுக்கு அது தடைதான். மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு விவசாயிகளின் தோட்டங்களில் பாலியெஸ்டர் கொசுவலையைக் கோஸ் மேல் கூண்டாகப் போட்டுப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. மருந்து ஏற்றாத வெறும் வலைக்குள்ளேயே, மருந்து தெளித்த பாத்தியைவிட வைரமுதுகு கணிசமாகக் குறைவாக இருந்தது, விற்கத் தகுந்த கோஸும் கூடுதலாகக் கிடைத்தது. ஒரே குறை, நம் வீட்டுக் கொசுவலை வெயிலுக்குச் செய்ததல்ல, சீக்கிரம் இற்றுப்போகும். மருந்து ஊறவைத்த கொசுவலையை மட்டும் சாப்பிடும் செடி மேல் போடாதீர்கள்.

பழைய நைலக்ஸ் சேலை வண்ணத்துப்பூச்சியைத் தடுக்கும், ஆனால் வெளிச்சத்தையும் தடுக்கும், மழையில் நனைந்தால் செடி மேல் படுத்துக்கொள்ளும். நாற்றங்காலுக்கு நாலு நாள் சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மீன்வலையும் பறவை வலையும் கண் விரல் நுழையும் அளவு, புழுவுக்கு அவை இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

வலைக்கு முன் மண்ணும் நாற்றும்

போன பருவம் எந்தப் பாத்தியில் கோஸோ முள்ளங்கியோ இருந்ததோ அங்கே மறுபடியும் வைக்காதீர்கள். புரோடீனியாவும் வெட்டுப்புழுவும் மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகும், தெள்ளு வண்டின் புழுப்பருவமும் மண்ணில்தான். அதே மண் மேல் வலையை இறுக்கிக் கட்டினால் பூச்சி உள்ளிருந்தே கிளம்பும், வெளியே போகவும் வழியிருக்காது, அதற்குச் சாப்பாடு போட்டு வளர்ப்பது நாமாக ஆகிவிடுவோம். பீன்ஸ், பூண்டு, கேரட், உருளை இருந்த பாத்தியைத் தேர்ந்தெடுங்கள். காந்தளூர், வட்டவடைக்காரர்களுக்கு இது கஷ்டமே இல்லை, எல்லாமே வீட்டைச் சுற்றி இருக்கும். மண்ணை நன்றாகக் கொத்திப் புரட்டி ஓரிரு வாரம் காயவிட்டுக் கோழியை மேய விடுங்கள், கோழி இல்லாதவர்கள் மாலையில் மண்கட்டியைப் புரட்டிச் சுருண்டு கிடக்கும் கறுப்புப் புழுவைப் பொறுக்கி எடுங்கள்.

நாற்று வாங்குவதாக இருந்தால் குழித்தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். வெளிர் மஞ்சள் முட்டை, சுரண்டிய தடம், குருத்தில் சின்ன நூலாம்படை, இதில் எது இருந்தாலும் அந்த நாற்றை விட்டுவிடுங்கள். சொந்தமாக விதைப்பவர்கள் விதைத்த அன்றே நாற்றங்கால் மேல் சின்னத் துண்டு வலையைப் போடுவது நல்லது, 25 முதல் 30 நாள் நாற்று நடவுக்குச் சரியாக இருக்கும்.

கூண்டு கட்டுவது

பாத்தி அகலம் நாலு அடி வையுங்கள். நடுவில் இரண்டே வரிசை, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடியும் ஒன்றரை அடி. பத்து அடி நீளப் பாத்தியில் இரண்டு முனையிலும் ஓரடி விட்டால் ஒரு டஜன் செடி நிற்கும். இடம் வீணாகிறதே என்று மூன்றாவது வரிசை நுழைக்க ஆசை வரும். வேண்டாம், இலை வலையைத் தொடக் கூடாது என்பதற்குத்தான் இந்த இடைவெளி. இலை வலையை ஒட்டிக்கொண்டு நின்றால் பூச்சி வெளியே உட்கார்ந்தபடியே கண் வழியாக இலையில் முட்டை வைத்துவிடும்.

வளைவுக்கு 20 எம்.எம். கறுப்பு எச்.டி.பி.இ. பைப் நல்லது, சுருளாக வருவதால் வளைவு ஏற்கெனவே அதில் இருக்கும். வெள்ளை பி.வி.சி. பைப்பை இவ்வளவு குறுகலாக வளைத்தால் ஒடியவோ மடங்கவோ பார்க்கும். பைப்பை ஏழு அடியாக வெட்டுங்கள். 10 எம்.எம். முறுக்குக் கம்பியை இரண்டு அடி துண்டுகளாக வெட்டி, பாத்தியின் இரு ஓரத்திலும் எதிரெதிரே ஓரடி ஆழம் அடித்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாதியில் பைப்பைச் சொருகினால் நடுவில் இரண்டரை அடி உயரத்துக்கு வளைவு நிற்கும். பத்தடிக்கு நாலு வளைவு, அதாவது மூன்றே கால் அடிக்கு ஒன்று. கம்பியின் கூர்முனை எங்கும் வெளியே தெரியக் கூடாது, வலை கிழிவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வளைவுகளின் உச்சியைச் சேர்த்து ஒரு நைலான் கயிற்றை இழுத்து இரு முனையிலும் முளையடித்துக் கட்டுங்கள், இல்லையென்றால் வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்று சாயும்.

செலவு வேண்டாம் என்றால் மூங்கில் பிளாச்சு. பச்சையாக இருக்கும்போதே வளைத்து, கணு முனைகளை நன்றாகச் சீவி, வலை படும் பக்கம் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிடுங்கள்.

வலையின் அளவு: வளைவு ஏழு அடி, இரண்டு பக்கமும் புதைக்க ஓரடி ஓரடி, ஆக ஒன்பது அடி. மூன்று மீட்டர் அகல வலை வாங்கினால் கச்சிதமாக இருக்கும். நீளத்துக்குப் பாத்தி பத்தடி, இரு முனையிலும் இறங்க இரண்டரை இரண்டரை, புதைக்க ஓரடி ஓரடி, பதினேழு வருகிறது, பதினெட்டாக வெட்டுங்கள். ஒட்டுப் போட்டுத் தைப்பதைவிட ஒரே துண்டாக வாங்குவது எவ்வளவோ மேல்.

நட்ட அன்றே போடுங்கள்

காலையில் நட்டு, தண்ணீர் விட்டு, அதே நாள் பொழுது சாய்வதற்குள் வலை மேலே இருக்க வேண்டும். வைரமுதுகு அந்தி மயங்கிய பிறகுதான் முட்டை வைக்கக் கிளம்பும். ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் போதும், மறுநாள் போடுகிற வலை புழுவைக் காவல் காக்கிற வலை. போடுவதற்கு முன் ஒவ்வொரு நாற்றையும் கடைசியாக ஒருமுறை புரட்டிப் பார்த்துவிடுங்கள்.

பாத்தியின் ஒரு நீளப் பக்கத்தை நிரந்தரமாகப் புதைக்கலாம். அரையடிப் பள்ளம் பறித்து, வலை ஓரத்தை அதற்குள் மடித்துப் போட்டு, மண்ணைத் தள்ளி மிதித்துவிடுங்கள். மறு பக்கம் நாம் போய்வரும் வாசல். அந்த ஓரத்தை ஒரு நீள மூங்கிலில் இரண்டு சுற்றுச் சுற்றி, தரையோடு அழுத்தி, மேலே மண் நிரப்பிய சாக்குப் பைகளை வரிசையாக அடுக்குங்கள். தனித்தனிக் கல் வைத்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் வலை புடைத்து இடுக்கு விழும், வைரமுதுகுக்கு அந்த இடுக்கு தாராளம். முனைகள் இரண்டையும் கொசுவிச் சேர்த்து முறுக்கி முளையில் கட்டி, மீதியை மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள். தரை மேடுபள்ளமாக இருந்தால் வலையை இழுத்துச் சமாளிக்காமல் முதலில் தரையை நிரவுங்கள். எல்லாம் முடிந்த பிறகு குனிந்து, வெளிச்சம் எதிரே படும்படி ஓரத்தைச் சுற்றி ஒரு நடை பாருங்கள், எங்கே வெளிச்சம் கீற்றாகத் தெரிகிறதோ அங்கே பூச்சிக்கும் வழி உண்டு.

திறப்பதும் வேலை பார்ப்பதும்

தண்ணீர் விடத் திறக்கத் தேவையில்லை. உள்ளே ஒரு சொட்டுநீர் ஹோஸை முதலிலேயே ஓட்டிவிட்டால் நிம்மதி, பூவாளியில் வலை மேலேயே ஊற்றினாலும் உள்ளே இறங்கும். களை எடுக்கவும் மண் அணைக்கவும் மேலுரம் வைக்கவும் திறந்தாக வேண்டும். அதற்கு அதிகாலைதான் சரியான நேரம், வெயில் ஏறினால்தான் வண்ணத்துப்பூச்சி பறக்கும், இருட்டினால்தான் அந்து வரும், பனி விலகும் முன் இரண்டுமே சோம்பிக் கிடக்கும். எல்லா வேலையையும் வாரத்துக்கு ஒரு நாளில் அடக்கிக்கொண்டு, முடித்ததும் மூங்கிலையும் சாக்கையும் பழையபடி வைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போக வேண்டும்.

தேனீ உள்ளே வர வேண்டுமே என்று கேட்பவர்களுக்கு: கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி எதற்கும் மகரந்தச் சேர்க்கை நடந்து நமக்கு ஆவது ஒன்றுமில்லை, இலையையும் தண்டையும் கிழங்கையும் விரியாத மொட்டையும்தான் சாப்பிடுகிறோம். அறுக்கும் நாள் வரை வலை இருக்கலாம். விதைக்குக் கடுகு விடுகிறவர்கள் மட்டும் பூக்கும்போது எடுத்துவிட வேண்டும்.

உள்ளே அசுவினி வந்துவிட்டால்

வலையின் ஒரே பெரிய சங்கடம் இது. வெளியே என்றால் பொறிவண்டும் சின்னக் குளவியும் அசுவினியைத் தின்று கணக்கைச் சரிசெய்துவிடும். வலைக்குள் அவை வர முடியாது. நாற்றோடு நாலு அசுவினி உள்ளே போயிருந்தால் எதிரியே இல்லாமல் பெருகி, மூன்று வாரத்தில் குருத்தெல்லாம் சாம்பல் பூத்து ஒட்டிக்கொண்டிருக்கும். வாரம் ஒருமுறை திறக்கும்போது நடு இலைகளின் அடியைப் பாருங்கள், எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். எறும்பு இருந்தால் அசுவினி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இருந்தால் விரலால் நசுக்கிவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். பரவியிருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம்: லிட்டருக்கு 50 கிராம் கொட்டைப் பருப்பை இடித்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் இலையின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். புழு தப்பித்தவறி வந்திருந்தாலும் இதே கரைசல் உதவும். முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு மூன்று நாள் பகலில் வலையைத் தூக்கிவிட்டுப் பொறிவண்டுக்கு வழிவிடலாம், பொழுது சாய்வதற்குள் மூடிவிட வேண்டும்.

வலைக்கு வெளியே, நாலைந்து அடி தள்ளி, இரண்டு வரிசை கடுகு விதைத்து வைப்பதை நான் எப்போதும் சொல்வேன். வைரமுதுகுக்குக் கோஸைவிடக் கடுகு பிடிக்கும். பெரிய வயலில் 25 வரிசைக் கோஸுக்கு இரண்டு வரிசைக் கடுகு என்று கணக்கு, ஒரு வரிசையைக் கோஸ் நடுவதற்குப் பதினைந்து நாள் முன்பும் அடுத்ததை நட்டு 25 நாள் கழித்தும் விதைப்பார்கள். வீட்டுத் தோட்டத்துக்கும் அந்தக் கால இடைவெளி பொருந்தும். கடுகில் புழு ஏறியதும் பிடுங்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள்.

ஆடிக் காற்றும் மழையும்

ஓணத்துக்குக் காய் வேண்டும் என்று ஆனியில் நடுகிறவர்களுக்கு ஆடிக் காற்றில்தான் கோஸ் வளரும். 40 மெஷ் வலை காற்றைப் பாய்மரம் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். முடிந்தால் பாத்தியைக் கிழக்கு மேற்காகப் போடுங்கள், மேல்காற்று கூண்டின் குறுகிய முனையில் மோதிப் பிரிந்துபோகும். படிக்கட்டு நிலத்தில் பாத்தி போகிற திசை நம் கையில் இல்லை, அங்கே மேற்குப் பக்கம் கல் வரப்பை அரையடி உயர்த்திக் கட்டுங்கள். வலை போட்ட பிறகு மேலே, வளைவுக்கு வளைவு குறுக்குமறுக்காகக் கயிறு இழுத்து முளையில் கட்டினால் வலை படபடக்காது. படபடப்பு நின்றால் பாதிக் கிழிசல் நின்றது. தொடர் தூறலில் வலை நனைந்து கனத்துத் தொய்யும், காலையில் போய் உள்ளிருந்து கையால் தட்டிவிட்டால் தண்ணீர் உதிரும். ஈரம் நாள்கணக்கில் நின்றால் இலை ஓரத்தில் மஞ்சள் முக்கோணமாகக் கருப்பு அழுகல் வரும், அப்படிப்பட்ட இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, மழை விட்ட பகல்களில் ஒரு முனையை இரண்டு மணி நேரம் தூக்கிவிடுங்கள்.

வலையால் ஆகாத காரியங்களும் உண்டு. நத்தை மண்ணோடு வரும், கையால்தான் பொறுக்க வேண்டும். வெட்டுப்புழு மண்ணுக்குள் இருந்தால் நாற்றின் கழுத்தைச் சுற்றி அடி வெட்டிய பேப்பர் கப்பை இரண்டு விரல்கடை புதைத்து வையுங்கள். காட்டுப்பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் குரங்குக்கும் இந்த வலை ஒரு பொருட்டே அல்ல, அதற்கு வேலிதான். ஆனால் வேலிக்காகத் தரையில் தளர்வாக நைலான் வலையைப் படரவிடாதீர்கள், சாரைப்பாம்பு சிக்கிக்கொண்டு சாகும், எலியைப் பிடிக்கிற ஆளையே கொன்றதாகும்.

அறுத்த பிறகு

கோஸை அறுத்த அன்றே அடித்தண்டை வேரோடு பிடுங்குங்கள். விட்டால் பக்கத்தில் குட்டித் தலைகள் துளிர்க்கும், அடுத்த பருவத்துக்கான பூச்சி அதில் குடியிருக்கும். வைரமுதுகு இலையிலேயே மெல்லிய கூடு கட்டும், அதனால் உதிர்ந்த இலையையும் கூட்டி மாட்டுக்கோ ஆழமான உரக்குழிக்கோ அனுப்பிவிட வேண்டும்.

வலையைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டு, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓட்டை பாருங்கள். சின்னக் கிழிசலை நைலான் நூலால் தைத்துவிடலாம், உள்ளங்கை அளவு என்றால் மேலே ஒட்டுத்துண்டு வைத்துச் சுற்றித் தைக்க வேண்டும். யு.வி. பூச்சு உள்ள வலை பார்த்து வைத்துக்கொண்டால் மூன்று நாலு வருடம் வரும். மடிக்காமல் சுருட்டுங்கள், மடிப்பு விழுந்த இடத்தில்தான் முதலில் இறும். சாக்கில் போட்டு உத்தரத்தில் தொங்கவிடுங்கள், தரையில் வைத்தால் எலி ஒரே ராத்திரியில் நடுவில் கூடு கட்டிவிடும்.